பெயர் நீக்கப்பட்ட கண்கள்

இலக்கியத் திங்களிதழ் ஒன்றில் மருத்துவ ஆய்வுக் கட்டுரைக்கு விமரிசனம் எழுதுவது வழக்கமன்று. ஆயினும், ஓர் எழுத்து யாரைப் பற்றிப் பேசுகிறது, யாரைப் பேசாமல் விடுகிறது, அதன் வினைச்சொற்களுக்கு எழுவாய் யார் என்று கேட்பது விமரிசனத்தின் வேலையானால், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான கட்டுரையொன்று அத்தகைய வாசிப்புக்கு நன்கு இடம் தருகிறது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முன்னின்று எழுதியது அது. நீரிழிவினால் விழித்திரையில் நேரும் பழுதைக் கணினியே கண்டறியும் முறை அதன் பொருள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றைச் சார்ந்த மருத்துவர் இருவரின் பெயர்களும் ஆசிரியர் வரிசையில் உள்ளன. ஆகவே அயலார் எழுத்து என்று நாம் அதனை ஒதுக்கிவிட இயலாது.

நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நீரிழிவு வந்து பல ஆண்டுகள் ஆனபின், கண்ணின் உட்புறச் சவ்வாகிய விழித்திரையில் மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியவும் அடைபடவும் தொடங்குகின்றன. வலி இல்லை, தொடக்கத்தில் பார்வையும் குன்றுவதில்லை. குன்றியபின் மருத்துவரைத் தேடிப் போனால் இழந்ததில் பெரும்பகுதி திரும்புவதில்லை. முன்னரே கண்டுகொண்டால் லேசர் முதலிய சிகிச்சைகளால் காப்பாற்றலாம். இதற்காகவே நீரிழிவுக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். இந்தச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் விசைத்தறியின் முன் நின்று, எங்கே இழை அறுந்தது என்று கண்ணை ஊன்றிப் பார்த்தே பிழைக்கும் ஒருவருக்கு இது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டுவதில்லை. படமெடுக்கும் கருவிகள் பெருகிவிட்டன. எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்லும் பயிற்சி பெற்றவர்கள்தாம் போதவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கக் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைத் திரட்டினர். அமெரிக்காவின் ஐபேக்ஸ் என்னும் கண் பரிசோதனை அமைப்பிலிருந்து ஒரு பகுதி வந்தது. அரவிந்த், சங்கர நேத்ராலயா, பெங்களூரின் நாராயண நேத்ராலயா என்னும் மூன்று இந்திய மருத்துவமனைகளிலிருந்து மறு பகுதி வந்தது. அமெரிக்கக் கண் மருத்துவர் 54 பேரைக் கொண்டு ஒவ்வொரு படமும் மூன்று முதல் ஏழு முறை மதிப்பிடப்பட்டது. அம்மதிப்பீடுகளிலிருந்து கணினி நிரல் தானே கற்றுக்கொண்டது. பின்னர், அது முன்பின் பார்த்திராத படங்களைக் கொண்டு சோதித்தார்கள். எவரையும் தவறவிடலாகாது என்ற நோக்கில் அமைத்த அளவுகோலின்படி, மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர்களில் நூற்றுக்கு 96 பேருக்குக் குறையாமல் அது கண்டுகொண்டது.

இதனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்துக் கரிசல் மண்ணில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த். 1988இல் அது திருநெல்வேலிக்கும் வந்தது. கட்டணம் செலுத்த முடிந்தவர்கள் செலுத்த, முடியாதவர்கள் செலுத்தாமலே பார்வை பெற்றுத் திரும்பும் ஏற்பாட்டை உலகமே வந்து பார்த்துச் செல்கிறது. 1992இல் அவ்வமைப்பு தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை ஏழைக்கும் எட்டும் விலையில் செய்து கொடுத்தது. நாம் விமரிசிக்கும் நிரலும் இங்கே திரும்பி வராமல் போகவில்லை. 2019 பிப்ரவரியில் அது மதுரை அரவிந்தில் நடைமுறைக்கு வந்த செய்தி அறிவிக்கப்பட்டது. 2019க்கும் 2023க்கும் இடையில் தமிழ்நாட்டின் 45 இடங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் துணையோடு பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் பார்வை காக்கப்பட்டவர்கள் உண்டு. இந்த நன்மையை மறைத்துவிட்டு எழுப்பும் எந்த அறக்கேள்வியும் பாதிக் கேள்வியே.

இவ்வளவும் சொன்னபின் கட்டுரையின் வாசகத்துக்கு வருவோம். படங்கள் எவ்வாறு கிடைத்தன என்று சொல்லுமிடத்தில், அவை முன்னரே எடுக்கப்பட்டிருந்தவை, பின்னோக்கித் திரட்டப்பட்டவை என்கிறது கட்டுரை. மருத்துவ ஆய்வுலகில் இது வெறும் முறையியல் சொல். எழுத்தைப் பொருள் தேடிப் படிப்பவருக்கோ முழுச் சிக்கலும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. கன்னத்தை ஒரு தாங்கியில் வைத்து, இமையைத் திறந்து, ஒளி பாய்ந்த கணத்தில் கண்ணீர் வழிய அமர்ந்திருந்த அந்த மனிதர், தம் கண் கெட்டுப்போயிற்றா என்று தெரிந்துகொள்ள வந்தவர். படம் அதற்காக எடுக்கப்பட்டது. திரட்டியபோது அது வேறொன்றுக்காகத் திரட்டப்பட்டது. முதல் நோக்கத்துக்கும் இரண்டாம் நோக்கத்துக்கும் இடையில் ஒரு வாசற்படி உண்டு. அந்தப் படியில் யாரேனும் நின்று அவரைக் கேட்டார்களா என்பதே நம் வினா. 'பெறப்பட்டன' என்னும் செயப்பாட்டுவினைக்கு அந்த வினாவை விழுங்கிவிடும் ஆற்றல் உண்டு. தமிழிலும் அரசாணைகளைப் படித்தவர்கள் இதனை அறிவார்கள்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்கி முடிகிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். இந்நால்வகைக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட முடிந்த காலம் நீண்டிருந்தது. இப்போது அந்த அறையில் ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். அவருக்கு நோயில்லை; அவர் தீர்ப்பவருமல்லர்; கட்டிலருகே அமர்ந்திருக்கவும் இல்லை. தீயவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவரை நோயாளிக்கு அறிமுகம் செய்துவைப்பது யார் கடமை என்றே கேட்கிறோம்.

நெறிமுறை பற்றிக் கட்டுரை தரும் செய்திகள் இரண்டு. படங்களை ஆய்வாளரிடம் தருமுன், அமெரிக்கச் சட்டம் வகுத்துள்ள முறைப்படி அவற்றிலிருந்து அடையாளங்கள் நீக்கப்பட்டன. நெறிமுறைக் குழுவொன்றின் விலக்கு பெறப்பட்டது. அந்நாட்டு விதியின்படி பெயர், முகவரி, தொலைபேசி எண் என 18 வகை அடையாளங்களை அகற்றிவிட்டால் எஞ்சுவது யாருடையதும் அன்று. சட்டப்படி இது போதும். அந்த மருத்துவமனைகள் எந்த விதியையாவது மீறின என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவ்வாறு நாம் சொல்லவும் இல்லை. ஆனால் போதும் என்பது எதற்குப் போதும்?

பெயரை நீக்கலாம், படத்திலிருந்து கண்ணை நீக்க முடியாது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் ஓடும் கோலம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை நியூயார்க் மருத்துவர் இருவர் 1935லேயே எழுதிவிட்டனர். (ஆதார் அட்டைக்கு எடுப்பது கண்ணின் முன்புறத்துக் கருவிழிப்படலத்தை, நாம் பேசுவது உட்புறத்து விழித்திரையை. வாசகர் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதனினும் வியப்பானது 2018இல் வந்தது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2,84,335 பேரின் விழித்திரைப் படங்களைக் கற்பித்த வேறொரு நிரல், படத்தை மட்டும் பார்த்து, அம்மனிதரின் வயதை ஏறக்குறைய மூன்றாண்டு வேறுபாட்டில் சொன்னது. ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் பிழையின்றிச் சொன்னது. புகைப்பவரா என்றும் இரத்த அழுத்தம் எவ்வளவு என்றும் ஓரளவு ஊகித்தது. அந்தப் படங்கள் ஐபேக்ஸ் அமைப்பிலிருந்தும் பிரிட்டனின் உயிரியல் தரவு வங்கியிலிருந்தும் வந்தவை. நம் மாநிலத்து நோயாளிகளுடையவை அல்ல. ஆயினும் அதிலிருந்து அறிய வேண்டியது எல்லார்க்கும் பொது. கண்மருத்துவர் பார்த்தாலும் விழித்திரை ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல இயலாது என்றே அதுவரை எண்ணப்பட்டது. அப்படியானால் படத்தைக் கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் கைமாற்றியவருக்கும் தாம் எதைக் கொடுத்தோம் என்பது தெரியாது. தெரியாத ஒன்றைக் கொடுக்க ஒருவர் எப்படி இசைவு தருவார்?

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்றபோது, இரகசியத்தை மூவகையாகப் பிரித்துப் படித்தோம். தற்செயலாக அறிந்து, சொன்னால் பிறர்க்குத் தீங்கென்பதால் காப்பது ஒன்று. அறிந்தபின் வாக்களித்ததால் காப்பது மற்றொன்று. நம்பி ஒப்படைக்கப்பட்டதால் காப்பது மூன்றாவது. மருத்துவரும் வழக்கறிஞரும் குருவும் அறிவது மூன்றாம் வகை. கட்டுப்பாட்டில் மிக வலியதும் அதுவே. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2491ஆம் பத்தியில் தொழில்வழி இரகசியத்தைப் பற்றிப் பேசும்போது மருத்துவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பழைய பாடம்தான். ஆனால் நம் சிக்கலுக்கு இதைவிட நெருக்கமான ஒளி, யாரும் எதிர்பாராத ஓரிடத்தில், திருச்சபைச் சட்டத் தொகுப்பில், பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிய பகுதியில் இருக்கிறது.

983ஆம் சட்டத்தை எல்லாரும் அறிவர்: கேட்டதைக் குரு வெளிப்படுத்தலாகாது. அடுத்துள்ள 984ஆம் சட்டத்தை இறைமக்கள் அவ்வளவாக அறியார். வெளிப்படும் ஆபத்து சிறிதும் இல்லாவிடினும், அங்கே அறிந்ததைப் பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குக் கேடாகக் குரு பயன்படுத்தவும் ஆகாது என்பது அது. வகுப்பில் இதற்குச் சொல்லும் எடுத்துக்காட்டு எளியது. காணிக்கைப் பெட்டியில் கைவைத்தவர் தாமே என்று சாவி வைத்திருப்பவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறார். குரு அதை எவரிடமும் சொல்லமாட்டார். அது மட்டும் போதாது. மறுநாள் ஏதோ வேறு காரணம் காட்டி அந்தச் சாவியைத் திரும்பக் கேட்கவும் அவருக்கு அனுமதியில்லை. வெளிப்படுத்துவது வேறு, பயன்படுத்துவது வேறு என்னும் நுண்ணிய பிரிவினையைத் திருச்சபை தன் அனுபவத்தால் கண்டு வைத்திருக்கிறது.

விழித்திரைப் படம் அருள்சாதன முத்திரைக்கு நிகர் என்று நாம் சொல்லவில்லை. படம் கொடுத்தவருக்கு இதனால் கேடு விளைந்ததென்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிரிவினையைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டுரையின் நெறிமுறை வாசகத்தைப் படித்துப் பார்த்தால், அது முழுக்க முழுக்க வெளிப்படுத்துவதைப் பற்றியே கவலைப்படுவது தெரியும். பெயர் தெரியாது, முகவரி தெரியாது, ஆகவே குற்றமில்லை. பயன்படுத்துவதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. ஒருவர் ஒப்படைத்ததை, அவர் யாரென்று எவருக்கும் தெரியாமலே, அவர் நினையாத வேலைக்கு ஆளாக்கலாமா என்ற வினா அங்கே எழவே இல்லை. இது ஒரு கட்டுரையின் குறையன்று. நோயாளியின் அந்தரங்கம் என்றால் பெயரை மறைப்பது என்று முழுத் துறையும் சுருக்கிக்கொண்டதன் விளைவு.

நம் ஊர்த் தறிக்கூடத்தில் இது விளங்காத செய்தியன்று. கூலிக்கு நெய்பவரிடம் நூல் வருகிறது, அது கொடுத்தவருடையது. நெய்து கொடுத்த சேலையும் கொடுத்தவருடையது. நெய்தவருக்குக் கூலி; அது நோட்டில் ஏறுகிறது. கூலி போதுமா என்பது வேறு வழக்கு. ஆனால் நூல் யாருடையது என்பதில் இங்கே சிறுபிள்ளைக்கும் ஐயமில்லை. இந்த நிரலின் நூல் யாருடையது? நெய்தவர் கூகுள் என்பது தெரியும். 2024 அக்டோபரில் அந்நிறுவனம் ஆரோலேப் உள்ளிட்ட கூட்டாளிகளுக்கு நிரலைப் பயன்படுத்தும் உரிமம் வழங்குவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 60 லட்சம் பரிசோதனைகள் நோயாளியிடம் கட்டணம் பெறாமல் நடைபெறும் என்பது திட்டம். நல்ல செய்தி. ஆனால் உரிமம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உரிமையுள்ளவரே உரிமம் தர முடியும். மதுரையில் தொடங்கிய ஒரு நிறுவனத்துக்கு, மதுரைக் கண்களிலிருந்தும் கற்ற நிரலைப் பயன்படுத்தும் உரிமம் கடல் கடந்து வருகிறது. நூல் கொடுத்தவர் நோட்டில் எங்கும் இல்லை.

பெயரே நீக்காமல் கைமாறிய வரலாறும் உண்டு. அது நம் வீட்டுக்குள் நடந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அசென்ஷன், அந்நாட்டின் மிகப் பெரிய கத்தோலிக்க மருத்துவமனைக் குழுமங்களுள் ஒன்று. 2019 நவம்பரில் அமெரிக்க நாளேடு ஒன்று வெளியிட்ட செய்தி, 21 மாநிலங்களில் அக்குழுமம் சிகிச்சை அளித்த மக்களின் பெயர், பிறந்த நாள், நோய், பரிசோதனை முடிவு ஆகியவை கூகுள் நிறுவனத்துக்குச் சென்றுகொண்டிருந்ததையும், நோயாளிகளிடமோ அவர்தம் மருத்துவர்களிடமோ சொல்லப்படவில்லை என்பதையும் வெளிக்கொணர்ந்தது. ஒப்பந்தம் சட்டத்துக்கு உட்பட்டது என்று இரு தரப்பும் விளக்கின. மருத்துவமனைக்குப் பணி செய்து தரும் நிறுவனத்தோடு தகவலைப் பகிர அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. கன்னியர்கள் தொடங்கிய இல்லங்களிலிருந்து வளர்ந்த ஒரு குழுமம், இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு நின்றுகொண்டதே நமக்கு நெருடுகிறது. நோயாளிக்குச் சொல்வதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, தடுக்கவும் இல்லையே!

இந்தியச் சட்டம் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. 2019ஆம் ஆண்டின் மசோதாவில் உடல்நலத் தகவலுக்கெனத் தனிக்காப்பு இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தனிப்பிரிவு இல்லை. அடையாளம் காண இயலாத தகவலை அது தொடுவதுமில்லை. எனவே பெயர் நீக்கிய கண்ணுக்கு அதனிடம் சொல்ல எதுவும் இல்லை. திருட்டு வேறு. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவ ஆவணங்கள் டெலிகிராம் வழியே கசிந்தபோது நிறுவனமே நீதிமன்றம் சென்றது. திருடனைப் பிடிக்கச் சட்டம் உண்டு. நாம் பேசுவதோ நல்லவர்களுக்கிடையில், நல்ல நோக்கத்தோடு, பட்டப்பகலில் கைமாறுவதைப் பற்றி.

'இலவசமாகப் பார்வை தருகிறார்கள்; ஒரு படத்தைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?' என்று நம் மக்களே கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். ஒன்றும் குறைந்துவிடாது என்பதே உண்மை. கொடுத்தால் நல்லதுதான், இன்னொருவர் கண் காக்கப்படும். இரத்தம் கொடுக்கிறோம், இறந்தபின் கண்ணையே கொடுக்கிறோம். ஆனால் கொடுப்பதற்கு ஒருவர் கையை நீட்ட வேண்டும். கேளாமல் எடுத்துக்கொண்டபின் அதைக் கொடை என்று அழைப்பது, கொடுத்திருக்கக் கூடியவரின் பெருந்தன்மையையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாகும். ஏழை பெறுபவராக மட்டுமே எண்ணப்பட்டு, ஈபவராக எண்ணப்படாத இடத்தில்தான் இது நிகழ்கிறது. கட்டணம் செலுத்தாமல் சிகிச்சை பெற்றவரை 'கேட்க வேண்டுமா' என்று நினைக்காமலிருப்பது எளிது.

மாற்கு நற்செய்தி பார்வை பெற்ற இருவரைப் பற்றிச் சொல்கிறது. எட்டாம் அதிகாரத்தில் பெத்சாய்தா ஊரார் ஒருவரை அழைத்து வருகிறார்கள். இயேசு அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிச் சென்று, கூட்டத்தின் கண்ணுக்கப்பால் குணமாக்குகிறார். ஊருக்குள் போக வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. பத்தாம் அதிகாரத்தில் எரிகோவின் வழியோரப் பிச்சைக்காரர். அவர் வேண்டுவது என்ன என்பது ஊருக்கே தெரியும். ஆயினும் இயேசு அவரை அழைத்து, தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கேட்டபின்தான் செய்கிறார். அவர் பெயர் பர்த்திமேயு. தந்தையின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் மூன்று நற்செய்திகளில் குணமடைந்தோருள் பெயர் சொல்லப்பட்டவர்கள் மிகச் சிலரே. பெயரை மறைப்பதும் பேணல்தான், பெயர் சொல்லி நிற்க வைப்பதும் பேணல்தான். இரண்டிலும் அந்த மனிதரின் கையைப் பிடித்திருக்கிறார், அல்லது அவரைக் கேட்டிருக்கிறார்.

2025 ஜனவரி 28இல் வத்திக்கானின் இரு துறைகள் இணைந்து வெளியிட்ட, செயற்கை நுண்ணறிவு பற்றிய 'அந்திக்வா எத் நோவா' என்னும் ஏடு மருத்துவத்துக்கு ஒரு பகுதியும் அந்தரங்கத்துக்கு வேறொரு பகுதியும் ஒதுக்கியிருக்கிறது. முதலாவதில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள உறவு சிதையலாகாது என்ற கவலை. இரண்டாவதில் மனிதர் கண்காணிக்கப்படுவது பற்றிய கவலை. இரண்டும் வேண்டியவை. ஆனால் இரண்டுக்கும் நடுவில்தான் நம் நோயாளி அமர்ந்திருக்கிறார், கன்னத்தைத் தாங்கியில் வைத்துக்கொண்டு. அந்த இரு பகுதிகளையும் சேர்த்து வாசிக்கும் பொறுப்பை ஏடு நமக்கு விட்டுவைத்திருக்கிறது.

அப்பொறுப்பு பங்குகளுக்கு வந்து சேரும் வழி மிகச் சிறியது. கண் சிகிச்சை முகாம்களுக்கு நம் பள்ளிகளையும் மண்டபங்களையும் கொடுக்கிறோம். ஞாயிறு திருப்பலியின் முடிவில் அறிவிக்கிறோம். சாமியார் சொன்னார் என்றே பலர் வருகிறார்கள். மருத்துவமனையின் மீதுள்ள நம்பிக்கையோடு நம் குரலும் அங்கே பிணையாக நிற்கிறது. ஆகவே, முகாம் நடத்த வருபவர் எவராயினும், எடுக்கும் படங்கள் சிகிச்சைக்கன்றி வேறெதற்கும் போகுமா என்று கேட்கும் தகுதி நமக்கு உண்டு. போகும் என்றால், பதிவு மேசையில் தமிழில் ஒரு செய்தியைச் சொல்லச் சொல்லலாம்: 'உங்கள் கண்ணின் படத்தை, உங்கள் பெயர் இல்லாமல், நோயைக் கண்டறியும் கருவி செய்கிற ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா? அந்தக் கருவி அவர்களுடையதாக இருக்கும். வேண்டாம் என்றாலும் உங்களுக்குச் சிகிச்சை உண்டு.' கைநாட்டு வைப்பவருக்கும் இது விளங்கும். வாசித்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. வேண்டாம் என்றவருக்கும் அதே வரிசை, அதே சொட்டுமருந்து, அதே கண்ணாடி கிடைக்க வேண்டும். அன்று மாலை, வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர் என்று ஒரு முகாம் பொறுப்பாளரால் எண்ணிச் சொல்ல முடியுமானால், அடுத்த ஞாயிறும் அம்முகாமை நாம் தயக்கமின்றி அறிவிப்போம்.